அந்த ஒன்றரை அடி!

மரக்காணம் உப்பளத்தில் எல்லைத் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்ல ஜட்ஜ் வேண்டாம். உப்பே சொல்லிவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவர்கள் பார்த்திருப்பார்கள். மரக்காணம் வந்ததும் கணக்கு நோட்டில் கட்டம் போட்ட மாதிரி வரிசையாகப் பாத்திகள். நடுநடுவே களிமண் வரப்பு. உப்புத் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவைக்கிறார்கள். கடல் தண்ணீர் போமே கணக்கில் சுமார் 3 டிகிரி. காய்ந்து காய்ந்து 25 டிகிரி வரும்போது உப்பு பூக்கிறது. அந்த நேரத்தில் வரப்பு ஒரு சாண் உடைந்து, பக்கத்துப் பாத்தியின் நீர்த்த தண்ணீர் உள்ளே வந்தால் போச்சு, விளைந்த உப்பு கரைய ஆரம்பித்துவிடும். அதனால் வரப்பு உடைந்தால் அன்றைக்கே தெரிகிறது. அன்றைக்கே சண்டை, அன்றைக்கே மண் போட்டு அடைப்பு, சாயங்காலம் சேர்ந்து டீ.

அதே ஊர்ப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கும் சென்னை ஆபீஸ் ஆசாமிக்கு, எல்லை உடைந்த விஷயம் தெரியப் பத்து வருஷம் ஆகிறது.

அந்த ஆசாமி நீங்கள்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்னால் பி.எஃப். லோன் போட்டு அரை கிரவுண்டு வாங்கினீர்கள். 30க்கு 40. பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று. அப்புறம் கல்யாணம், குழந்தை, எல்.கே.ஜி. சீட். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாண்டிச்சேரி போகும் வழியில், "நம்ம இடத்தை ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோமா?" என்கிறார் மனைவி. (இந்த மாதிரி யோசனைகள் எப்போதும் அவர்களிடமிருந்துதான் வரும்.) போகிறீர்கள். மூலைக்கல்லைக் காணோம். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. நீங்கள் நட்ட சவுக்குக் கழி வேலி அதோடு போயிருக்க வேண்டும். பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஹாலோ பிளாக் காம்பவுண்டு சுவர் பளிச்சென்று நிற்கிறது. டேப் வைத்துப் பார்த்தால் உங்கள் 30 அடி, இருபத்தெட்டரை அடியாக இளைத்திருக்கிறது.

"அண்ணே, சுவர் எங்க இடத்துக்குள்ள வந்திருக்கு மாதிரி தெரியுதே..."

"வாங்க தம்பி! நீங்கதான் ஓனரா? ஆளையே காணோமேன்னு இருந்தேன். இளநீ வெட்டச் சொல்லட்டா?"

"அதில்லண்ணே. ஒன்றரை அடி..."

"மேஸ்திரி கயிறு கட்டினாரு தம்பி. ஒன்றரை அடிதானே? நாம என்ன இந்தியா பாகிஸ்தானா?"

இளநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறுகிறீர்கள். இங்கேதான் கதை ஆரம்பம்.

ஒன்றரை அடியை 40 அடி நீளத்தால் பெருக்கினால் 60 சதுர அடி. 1,200ல் நூற்றுக்கு ஐந்து. ஒரு அட்டாச்டு பாத்ரூமும் அதற்கு மேலும்! நாளைக்கு நீங்கள் வீடு கட்டப் பிளான் போடும்போது பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடம் குறையும். பேங்க் லோனுக்கு வரும் என்ஜினீயர், பத்திரத்தில் 30, தரையில் 28.5 என்று எழுதிவிட்டுப் போவார். "ஒன்றரை அடிதானே" என்பது அடுத்தவருக்கு மட்டும் சரியாக வருகிற கணக்கு.

அவரை உடனே அயோக்கியன் லிஸ்டில் சேர்க்கவும் வேண்டாம். பாதிக்கு மேற்பட்ட கேஸ்களில் குற்றவாளி மேஸ்திரியின் நைலான் கயிறுதான் என்பது என் அபிப்பிராயம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவையே அளக்கக் கிளம்பி, முதல் கோட்டைப் பரங்கிமலைப் பக்கம் போட்டார். 100 அடி இரும்புச் சங்கிலியை மரப்பெட்டிகளில் படுக்க வைத்து, வெயிலில் இரும்பு நீளுமே என்று தெர்மாமீட்டர் வைத்துத் திருத்தம் போட்டார். நம் மேஸ்திரி, கயிற்றின் ஒரு முனையைப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கட்டுகிறார்.

அளவுப் புத்தகமும் லேசுப்பட்டதில்லை. பழைய சர்வே கணக்கெல்லாம் சங்கிலியும் லிங்க்கும். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். இரண்டு லிங்க்கைத் தப்பாகப் படித்தாலே ஒண்ணேகால் அடி காலி. எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடம் பல இடங்களில் 1க்கு 2,000 என்ற அளவில் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் தடிமனான ஒரு கோடு, தரையில் ஒரு மீட்டர்! ஜெராக்ஸ் காப்பியில் ஸ்கேல் வைத்து அளந்து, "பாருங்க, உங்க சுவர் உள்ளே இருக்கு" என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். படத்தில் எழுதியிருக்கும் எண்தான் அளவு. கோட்டின் தடிமன் இல்லை.

இன்னொரு சிக்கல், மனை வாங்கிய பலருக்குத் தெரியாதது. எஃப்.எம்.பி.யில் உங்கள் பதினாலாம் நம்பர் மனை இருக்கவே இருக்காது. உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் தனிப்பட்டா வாங்கியிருந்தால்தான் அதில் கோடு விழும். இல்லாவிட்டால் சர்வேயர் வந்து மொத்த சர்வே எண்ணின் எல்லையை மட்டும் காட்டிவிட்டுப் போவார். அதற்குள் பதினாலு எது, பதினைந்து எது என்பது லே-அவுட் படத்தில் இருக்கிறது. அந்தப் படம் அங்கீகாரம் பெற்றதா என்பது அடுத்த கேள்வி. 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்ததும் ஞாபகம் இருக்கும். அந்தக் கலாட்டாவில் உங்கள் மனையை வரன்முறை செய்தீர்களா, இல்லை "அப்புறம் பார்த்துக்கலாம்" கோஷ்டியா?

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாதது: ராத்திரி நாலு ஆளை வைத்துச் சுவரை இடிப்பது. மச்சான் ஐடியா கொடுப்பார், கேட்காதீர்கள். அதுவரை வாதியாக இருக்க வேண்டியவர், மறுநாள் காலை ஸ்டேஷனில் குற்றவாளியாக உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்து மரக்கிளை உங்கள் பக்கம் நீண்டால் உங்கள் எல்லை வரை வெட்டலாம் என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. அந்தச் சலுகை சுவருக்குக் கிடையாது.

இரண்டாவது: நேரம். இந்த விஷயத்தில் எல்லாமே நேரம்தான். கயிறு கட்டும்போது பேசினால் கயிறு நகரும். கடைக்கால் வெட்டியபிறகு பேசினால் ஒரு நாள் கூலி நஷ்டம், அவ்வளவுதான். பேஸ்மட்டம் வந்துவிட்டால் முகம் சுளிப்பார். லின்டல் மட்டத்தில் வக்கீல் வைப்பார். சென்ட்ரிங் போட்டபின் போனால் ஊர்ப் பெரியவர் வருவார். கிரகப்பிரவேசம் முடிந்து போனீர்களோ, அந்தத் தெருவுக்கே நீங்கள்தான் வில்லன்.

ஆகவே, அன்றைக்கே நாலு கோணத்தில் போட்டோ. தேதியோடு. கூடவே ஒரு கடிதம், பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட்டில், டெலிவரி அத்தாட்சியோடு: "சர்வே செய்யும்வரை இந்தப் பக்கம் வேலையை நிறுத்துங்கள்." மரியாதையாகவே எழுதலாம். 'அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தாலும் கோர்ட்டில் அது செல்லும்.

அடுத்து தாலுகா ஆபீசில் நில அளவைக்குப் பணம் கட்டி மனு. இப்போது இதை ஆன்லைனிலேயே போடலாம். சர்வேயர் வருகிற தேதி பக்கத்து மனைக்காரருக்கும் நோட்டீஸ் மூலம் தெரிய வேண்டும். அவர் இல்லாதபோது அளந்தால், "எனக்குத் தெரியாம அளந்தாங்க" என்ற ஒரு வரியில் மொத்த வேலையும் வீணாகும். அளந்து கல் நட்டபிறகு அந்தக் கல்லைக் காக்க வேண்டியது உங்கள் பாடு. அரசு நட்ட எல்லைக்கல்லை வேண்டுமென்றே பிடுங்குவதும் நகர்த்துவதும் கிரிமினல் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 434ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபிறகும் குற்றம் குற்றமே. ஒரு வருஷம் வரை ஜெயில்.

பேரூராட்சியில் ஒரு புகார் கொடுங்கள். "பிளான் அனுமதி இருக்கா, அனுமதிப்படி கட்டுறாரா?" என்பதை அவர்கள் பார்ப்பார்கள். யாருடைய இடம் என்று அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. போலீஸ் ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர் சார்" என்பார்கள். கோபப்படாதீர்கள், பெரும்பாலும் அது உண்மை. பட்டா இருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். பட்டா வரிக்கணக்கு. சொத்துரிமைக்குப் பத்திரம்தான் பேசும். அந்தப் பத்திரத்திலும் சதுர அடிக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் கோர்ட்டில் மரியாதை. அங்கே 'கிழக்கே சவுக்குத்தோப்பு' என்று எழுதியிருந்து, தோப்பை வெட்டி விற்று விறகும் எரிந்து முடிந்திருந்தால், உங்கள் வக்கீலுக்கு நல்ல வருமானம்.

கோர்ட் என்றால் முன்சீப் கோர்ட். இடைக்காலத் தடை கேட்கலாம். முகாந்திரம் இருக்கிறதா, தடை கொடுக்காவிட்டால் யாருக்கு அதிகப் பாதகம், பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டமா என்று மூன்று கேள்வி கேட்டுத்தான் ஜட்ஜ் கொடுப்பார். எதிராளி புத்திசாலியாக இருந்தால் நீங்கள் போகும் முன்பே கேவியட் போட்டிருப்பார். அது 90 நாள் உயிரோடு இருக்கும். அவரைக் கேட்காமல் உத்தரவு கிடைக்காது. அட்வகேட் கமிஷனரைக் கேளுங்கள். அவர் சர்வேயரோடு வந்து இடத்தைப் பார்த்து ரிப்போர்ட், படம் எல்லாம் தாக்கல் செய்வார். எல்லைக் கேஸில் முக்கால் பங்கு இந்த ரிப்போர்ட்டில் அடங்கிவிடும். இடமே யாருடையது என்று சந்தேகம் கிளப்பப்பட்டால், வெறும் தடை மட்டும் கேட்டுப் பயனில்லை, உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேள் என்று 2008ல் அனதுலா சுதாகர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது. சில வக்கீல்கள் கோர்ட் ஃபீஸைக் குறைக்க இதை விட்டுவிடுவார்கள். பத்து வருஷம் கழித்து கேஸ் அந்த ஒரே காரணத்தால் விழும்.

ஜெயித்தால் சுவர் இடிக்கப்படுமா? இங்கேதான் நேரம் திரும்ப வருகிறது. 1895ல் லண்டனில் ஷெல்ஃபர் என்பவரின் வழக்கில், எப்போது தடைக்குப் பதில் பணம் போதும் என்று நீதிபதி ஒரு கணக்குச் சொன்னார். பாதிப்பு சின்னது, பணத்தில் மதிப்பிடலாம், சின்னத் தொகையே போதும், இடிக்கச் சொல்வது எதிராளிக்குக் கொடுமை... இவை எல்லாம் சேர்ந்திருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம். நம் 1963ஆம் வருஷத்து குறித்தவகைத் தீர்வுச் சட்டத்திலும் இடிக்கச் சொல்ல ஒரு பிரிவு, நஷ்டஈடு கொடுக்க ஒரு பிரிவு, இரண்டும் இருக்கின்றன. கடைக்காலில் தடுத்தவருக்கு முதல் பிரிவு கிடைக்க வாய்ப்பு. மாடி ஏறும்வரை சும்மா இருந்தவரைப் பார்த்து, "இத்தனை நாள் எங்கேய்யா இருந்தே?" என்று கோர்ட் கேட்கும்.

நம் கடற்கரையே இதற்கு ஒரு பெரிய சாட்சி. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. அங்கே பிரச்னை சுவர் அல்ல. பண்ணையின் உப்புத் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் போனது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜகந்நாதன் 1994ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று குல்தீப் சிங், சாகிர் அகமது அடங்கிய பெஞ்ச் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடி. விவசாய நிலம், உப்பள நிலம், சதுப்பு நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றாதே. உப்பளம் என்று பெயர் சொல்லியே எழுதிய தீர்ப்பு! அதற்கப்புறம்? மறுஆய்வு மனுக்கள் வந்தன. இடிப்பு நின்றது. 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழி திறந்தது. வெட்டிய குட்டைக்கு இருக்கிற பலம் அது.

எப்போதும் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. கொச்சி மரடுவில் கடலோர விதியை மீறிக் கட்டிய நாலு அடுக்குமாடிகளை இடிக்க 2019 மே 8ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் இரண்டே நாளில் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். டி.வி.யில் பார்த்து நாம் கைதட்டினோம். உள்ளே குடியிருந்தவர்கள் கடன் வாங்கி வாங்கியவர்கள்.

கடிகாரத்துக்கு வருவோம். 12 வருஷம். தனியார் இடத்தில் ஒருவர் வெளிப்படையாக, தொடர்ச்சியாக, உங்கள் உரிமைக்கு விரோதமாக 12 வருஷம் இருந்துவிட்டால், 1963 காலவரையறைச் சட்டப்படி உங்கள் உரிமையே அணைந்துபோகலாம். 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு படி மேலே போய், அப்படி இருந்தவர் தானே வாதியாக வந்தும் இந்த உரிமையைக் கேட்கலாம் என்றது. பலர் செய்யும் தப்பு: வருஷத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டால் கடிகாரம் நின்றுவிடும் என்று நினைப்பது. நிற்காது. கேஸ் போட்டால்தான் நிற்கும். அல்லது, "இந்த ஒன்றரை அடி தம்பியுடையது, அவர் அனுமதியில்தான் தற்காலிகமாக வைத்திருக்கிறேன்" என்று அண்ணனே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதியோடு இருப்பவர் விரோதமாக இருப்பவர் ஆக மாட்டார். இளநீர் குடிக்கும்போதே இந்தக் காகிதத்தை நீட்டலாம். வெட்கப்படாதீர்கள்.

சுவர் சரியான இடத்தில் இருந்தாலும் மேலே அண்ணாந்து பாருங்கள். சன்ஷேட் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். ஏ.சி. வெளிப்பெட்டி தொங்கும். ஆகாயத்தில்தானே என்று விடக்கூடாது. 1957ல் லண்டனில் கெல்சன் என்ற ஒரு புகையிலைக் கடைக்காரர், தன் கடைக் கூரைக்கு மேலே சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த சிகரெட் விளம்பரப் பலகைக்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி மேல் கேஸ் போட்டார். பலகையால் அவருக்குக் காலணா நஷ்டமில்லை. ஆனாலும் அவர் ஆகாயம் அவருடையது என்று பலகையை எடுக்கச் சொன்னது கோர்ட்.

பக்கத்து மனைக்காரர் அரசாங்கமாக இருந்தால் கதையே வேறு. மரக்காணம் பக்கம் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. உப்பளங்களில் அரசுக்குச் சொந்தமாகிக் குத்தகைக்கு விட்டவை நிறைய. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,151 ஹெக்டேர். கடலோர ஒழுங்குமுறை விதிகள் தனி. 12 வருஷக் கணக்கு அரசுக்கு 30 வருஷம். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் தாசில்தாரே நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம், முன்சீப் கோர்ட்டுக்குப் போகவேண்டிய அவசியம் அவருக்கில்லை. ஆகவே, "சார், பின்னாடி இருக்கிற பொறம்போக்கும் நம்ம அனுபவத்துலதான்" என்று புரோக்கர் சிரித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவும்.

எல்லாக் கேஸும் கோர்ட்டில்தான் முடிய வேண்டும் என்பதில்லை. சர்வேயர் கல் நட்டு, தப்பு கயிற்றுடையது என்று தெரிந்துவிட்டால், அநேக அண்ணன்கள் பேச்சுக்கு வருவார்கள். அந்த 60 சதுர அடியை விலைக்குக் கொடுக்கலாம். அவர் பக்கம் அதே அளவு வேறு மூலையில் வாங்கிப் பரிவர்த்தனை செய்யலாம். எதுவானாலும் பத்திரப் பதிவு கட்டாயம். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டது பீரோவில் வைக்க மட்டும் ஆகும். கேஸ் ஏற்கனவே நடந்தால் லோக் அதாலத் இருக்கிறது. அங்கே முடிவானால் அதுதான் டிக்ரி, அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும்.

இன்னொரு வழி, சுவரையே எல்லைக்கு நகர்த்திக் கட்டி இருவருக்கும் பொதுச்சுவர் ஆக்குவது. செலவு பாதிப் பாதி. அப்படி எழுதும்போது உயரம் எவ்வளவு, மேலே கண்ணாடிச் சில் பதிக்கலாமா, ஆணி அடிக்கலாமா என்பதோடு, அதில் தேர்தல் விளம்பரம் எழுதக் கேட்டு வருகிறவருக்கு யார் பதில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.